விராலுக்குக் கொய்யா மரத்தூள்

தூளுக்காகவே மரத்தை அறுத்தவள் அம்பத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பலகைக்காக அறுப்பார்கள், விறகுக்காக அறுப்பார்கள், கீழே கொட்டுகிற தூளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு மரம் வேண்டாம், தூள்தான் வேண்டும். எங்கள் லைன் வீட்டின் எட்டுக் குடித்தனமும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது. எனக்கு யாராவது சிரித்தால் ஆத்திரம் வரும். அந்த மாதம் யாரும் சிரிக்காமல் இருந்தாலும் வந்தது.

காரணம் என் தங்கை. அவளுக்கு ஒன்பதாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எங்களுக்குத் தாயும் இல்லை, வீடும் இல்லை. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா முகப்பேர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கிவிட்டு, தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தாள். கல்யாணத்தை நடத்தியது நான். பிரசவத்தையும் நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? எங்கள் லைன் வீடு ஏரிக்கரைக்குக் கீழே, தொழிற்பேட்டை எஸ்டேட்டின் பின்பக்கத்தில் இருந்தது. அறுபதுகளின் கடைசி அது. சுற்றிலும் ஒவ்வொரு ஆலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர்கள் தங்கள் இடத்தையெல்லாம் மண்ணடித்து உயர்த்திக்கொண்டார்கள். மழைத்தண்ணீருக்குப் போக இடம் வேண்டாமா? எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஐப்பசி பிறந்ததும் தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பானைகளைச் செங்கல் மேல் அடுக்கி வைத்துவிட்டு நானும் என் புருஷனும் ஒரே பெஞ்சில் தூங்கினோம். வீட்டுச் சொந்தக்காரரிடம் தரையை ஒரு அடி உயர்த்திக் கொடுங்கள், பிள்ளைத்தாய்ச்சி வருகிறாள் என்று கேட்டேன். "மழ நிக்கட்டும்மா, பாக்கலாம்" என்றார். மழை நின்றால் எனக்கெதற்கு உயரமான தரை?

பாரிவாக்கத்தில் தங்கையின் மாமியார் வீட்டில் இதைச் சொன்னேன். அவர்கள் எங்கள் ஜனம்தான். ஆனால் கொஞ்சம் நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்ததால் இரண்டு படி மேலே என்று நினைப்பு. அப்படி நினைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அந்த அம்மா, "இங்கியே பெத்துக்கட்டும், இன்னா இப்போ. எனக்கும் ஒரு பொண்ணு மாரிதானே" என்றார். நல்ல வார்த்தைதான். என் காதில் செருப்பால் அடித்த மாதிரி விழுந்தது. நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க நாலு பெண்கள் வருவார்கள். தாய்வீட்டிலிருந்து என்ன வந்தது என்று கேட்பார்கள். என் தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அது மட்டும் நடக்கக் கூடாது. அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருக்கிறது, அது நான்தான் என்று அந்த ஊருக்கே தெரிய வேண்டும். எனக்கு வேறு எதைப் பற்றியும் அப்போது கவலையில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு விரால் மீனையும் பூண்டையும் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்போம். அதைத் தாய்வீடுதான் கொடுக்க வேண்டும். வெயில் காலமாக இருந்தால் உப்புப் போட்டுக் காயவைத்துவிடலாம். அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் அம்மா மழைக்காலத்தில் மீனைப் புகையில் போட்டு எடுப்பாள். ஒரு மாதம் கெடாது. விராலுக்குப் பஞ்சமில்லை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்ததும் எகிறிக் குதிக்கிற மீனைக் கூடையைப் போட்டே பிடிக்கலாம். பஞ்சமெல்லாம் தூளுக்குத்தான்.

தூள் என்றால் எல்லாத் தூளும் ஆகாது. செங்குன்றம் ரோட்டு மரவாடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் தேக்கும் இருக்கும், வேம்பும் இருக்கும், பெயர் தெரியாத மலைமரமும் இருக்கும். வேப்பந்தூள் ஒரு பிடி கலந்தால் போதும், மீன் கசந்து போகும். வீட்டிலேயே ஒரு மூட்டைத் தூள் இருந்தது. என் புருஷன் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மெஷின்களுக்கு அடியில் சிந்துகிற எண்ணெயை உறிஞ்ச அங்கே மரத்தூளைக் கொட்டி வைப்பார்கள். ஊறிப்போன தூளைக் கூட்டி அள்ளி வெளியே போடுவார்கள். அதற்கு எங்கள் லைனில் அடிதடி. மரத்தூள் அடுப்பில் திணித்து ஒரு குச்சி கிழித்துப் போட்டால், மண்ணெண்ணெயே இல்லாமல் குப்பென்று பற்றும். ஐப்பசி மழையில் அதைவிடப் பெரிய புண்ணியம் கிடையாது. சோறு பொங்க அது சரி. மீனுக்கு அதைக் கண்ணாலும் காட்டக் கூடாது. அதை என் புருஷனிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

கக்கூசுக்குப் பக்கத்தில் முந்தின வருஷப் புயலில் சாய்ந்த கொய்யா மரம் ஒன்று கிடந்தது. கொய்யாப் புகையில் மீனுக்கு நல்ல நிறமும் மணமும் வரும். கிளைகளை வெட்டி, அரிவாளால் பட்டையைச் சீவினேன். மூன்றாவது வீட்டுத் தச்சரிடம் ரம்பம் கேட்டேன். அவர் ரம்பம் துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவி வைத்திருந்தார். அதைச் சாம்பல் போட்டு ஒரு தரம், சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்தேன். "இன்னாம்மா, ரம்பத்துக்கு எண்ணெ முழுக்காட்டறியா" என்று அவர் கேட்டார். எண்ணெய் போகத்தான் முழுக்காட்டுகிறேன் என்று வெடுக்கென்று சொன்னேன். அவ்வளவு பார்த்தவள் நான். ஒரு பொட்டு எண்ணெய்கூட அந்தத் தூளில் படக் கூடாது என்று.

தண்ணீர் ஏறாத தாழ்வாரத்துத் திண்ணையில் பழைய புடவையை விரித்து, கட்டையைக் கல்மேல் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு குறுக்கே அறுக்க வேண்டும். நீளவாக்கில் அறுத்தால் நாராக வரும், தூள் வராது. ஒரு விரல் கனத்துக்குக்கூட இடம் விடாமல் பக்கத்திலேயே பக்கத்திலேயே அறுத்துக்கொண்டு போக வேண்டும். கொய்யா இருக்கிறதே, அது மரமில்லை, இரும்பு. ஒரு மணி நேரம் அறுத்தால் இரண்டு கை தூள் தேறும். அதை ரவை சல்லடையில் சலித்து, சிராயைத் தள்ளி, அடுப்பங்கரைச் சூட்டில் தகரத்தின் மேல் பரப்பி உலர்த்துவேன். மறுநாள் மழைச்சாரல் அடித்து பாதி நனைந்திருக்கும். மறுபடி உலர்த்துவேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, அதன் மேலேயே இன்னொரு கொப்புளம் வந்தது.

என் புருஷன் அதிகம் பேசாதவர். ஒரு நாள் பக்கத்தில் வந்து குந்தி, "குடு, நான் கொஞ்சம் அறுக்கறேன்" என்றார். "வேணாம், நீ அறுத்தா நாரு நாராத்தான் வரும். போய் உன் வேலயப் பாரு" என்றேன். போய்விட்டார். போன பிறகு, பார் இந்த மனுஷனை, ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுகிறார், பொண்டாட்டி கை கிழிகிறதே என்று இருக்கிறதா என்று அதற்கும் திட்டினேன். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பழமொழியை யார் கண்டுபிடித்தார்களோ, கண்டிப்பாக என்னைப் போல ஒரு கோபக்காரிதான்.

தூள் மூன்று படி சேர்ந்ததும் கலங்கலில் எட்டு விரால் வாங்கினேன். முதுகைக் கீறிப் பிளந்து, குடலை எடுத்து, உப்பும் மஞ்சளும் பூசி ஒரு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் கழுவிக் காற்றாடக் கட்டித் தொங்கவிட்டேன். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்மை இரண்டு பக்கமும் திறந்து, உள்ளே வைக்கோலை எரித்துச் சுட்டுத் தேய்த்து எப்போதோ சுத்தம் செய்து வைத்திருந்தேன். அதைத் திண்ணையில் நிறுத்தி, மேலே இரண்டு கம்பி வைத்து மீனைத் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடினேன். கீழே உடைந்த சட்டியில் எருமுட்டைத் தணல். அதன்மேல் பிடிப்பிடியாகத் தூள். எரியக் கூடாது, கனிய வேண்டும். எரிந்தால் மீன் வெந்துவிடும், அணைந்தால் நாறிவிடும். இரண்டு பகல் அதற்குப் பக்கத்திலேயே குந்திக் கிடக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் ரேஷன் கடையில் அரிசி போடுகிறார்கள் என்று குரல் வந்தது. மூன்று வாரத்துக்கு அப்புறம் போடுகிறான், போகாமல் முடியாது. அந்த வாரம் என் புருஷனுக்கு நைட் ஷிப்ட். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"தோ பார், தணல் அணையக் கூடாது. அணைஞ்சுதுன்னு வெச்சுக்கோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

"சரிமே, போயிட்டு வா" என்றார்.

கியூவில் மூன்று மணி நேரம் நின்றேன். இரண்டு பேரோடு சண்டை போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் டிரம்மிலிருந்து புகை கெட்டியாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். மீன் பழுத்த புளியம்பழ நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "நல்லாத்தான் பாத்துகினு கீற" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மீனை வாழைச்சருகில் சுற்றி, பூண்டு, சுக்கு, நல்லெண்ணெய், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி எல்லாவற்றையும் பெரிய கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆவடியில் பஸ் மாறி, பாரிவாக்கம் போகிற பாதையில் இறங்கி, சேற்றில் நடந்தேன். வேண்டுமென்றே தெருவின் நடுவில் நடந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம், "இன்னாது கூடையில" என்று கேட்டார்கள். "தங்கச்சிக்கு விராலு" என்று ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னேன். உள்ளே தங்கை குழந்தையோடு படுத்திருந்தாள். கூடையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காகத்தான் பத்து நாள் அறுத்தேன். அவள் மாமியாரிடம் எப்படிக் குழம்பு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வடியாத வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தேன்.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். வாசலுக்குப் பக்கத்தில் எருக்குழி. அதில் சாணியின் மேலே என் விரால். தெரியாமல் இருக்குமா, நான் கீறின முதுகு. ஆறு மீன் அப்படியே முழுசாகக் கிடந்தது. அதில் ஒன்றை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. நாய்கூட நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டுப் போனது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஆத்திரம் வந்தால் கண் இருந்தும் குருடுதானே.

வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கையின் மாமியார் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா இது?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்தார். "எண்ணெ நாத்தம் அடிச்சுதும்மா. மெஷினு எண்ணெ மாரி. பிள்ள பெத்தவ, எதுக்கு வம்புன்னு நாந்தான் கொட்டினேன்."

மெஷின் எண்ணெய். அந்த வார்த்தை போதும். எங்களுக்கு நிலம் இல்லை, மாடு இல்லை, எஸ்டேட்டில் எண்ணெயில் புரள்கிற ஜாதி, அதனால் நாங்கள் தொட்ட மீன்கூட நாறுகிறது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ரம்பத்துக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்த கை என்னுடையது. என்னைப் பார்த்து எண்ணெய் நாற்றமா?

வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். "ரெண்டு மாடு வெச்சுகினு கீறோம்னு திமிரா? உன் ஊட்ல அடிக்கிற சாணி நாத்தத்த வுடவா? பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்திருக்கணும். எருக்குழில கொட்டினது மீனில்ல, எங்க அம்மாவ" என்று கத்தினேன். இன்னும் பேசினேன். அதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. "கொட்டினது நாந்தாம்மா. இன்னா பேசணுமோ பேசிக்கோ" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பேசாமல் இருக்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

உள்ளேயிருந்து தங்கை, "யக்கா, யக்கா" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். அவள் எழுந்து வரக்கூடாத நாள். நான் உள்ளே போகவில்லை. "இந்த ஊட்டுப் படிய இனிமே மிதிக்க மாட்டேன். உனக்கு அக்கா வோணும்னா நீ அங்க வா. இவங்க வந்து மன்னிப்புக் கேக்காம நான் வர மாட்டேன்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு, குழந்தையைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். அது பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். பொங்கல் வந்தது, வரிசை அனுப்பவில்லை. ஆடி வந்தது, அழைக்கவில்லை. பாரிவாக்கத்திலிருந்து வருகிற பால்காரரிடம் தங்கை இரண்டு தரம் சொல்லியனுப்பினாள். "வந்தா அவ மாமியார் வரட்டும்" என்று பதில் சொல்லியனுப்பினேன். அந்த அம்மா வந்தார். ஆமாம், வந்தார். குழந்தைக்குக் காது குத்துகிறோம், தாய்வீட்டுக்காரர்கள் இல்லாமல் எப்படி என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு அந்த வயசில் ஆவடியில் பஸ் மாறி வந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாத்தினேன். மன்னிப்புக் கேட்கிறாரா, தட்டு மட்டும் நீட்டுகிறாரா என்று கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு என் புருஷன் சோறு சாப்பிடவில்லை. "போயிருக்கலாம்மே" என்றார். "உனுக்கு இன்னா தெரியும்" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அப்புறம் அவர் பட்டறையில் சம்பளத் தகராறு வந்து, முதலாளி கேட்டைப் பூட்டினார். நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. என் புருஷன் செங்கல் சூளைக்கு மண் சுமக்கப் போனார். பட்டறைத் தூள் வராததால் நான் சுள்ளி பொறுக்கி அடுப்பெரித்தேன். அவர் சட்டை, வேட்டி, தலையணை எல்லாம் நாலு மாதத்தில் வெளுத்தது. வீட்டில் மண் வாசனையும் புளி வாசனையும்தான் இருந்தது. பட்டினியும் இருந்தது, அதை விடுங்கள்.

கேட்டைத் திறந்த முதல் வாரம் அவர் பழையபடி ஒரு மூட்டைத் தூள் கொண்டுவந்து போட்டார். நான் அடுப்பில் திணித்துப் பற்றவைத்தேன். புகை முகத்தில் அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். கருகின கிரீஸும் இரும்பும் சேர்ந்த ஒரு நாற்றம், குடலைப் பிடுங்கியது.

"இன்னாய்யா கலந்து எட்தாந்த? இப்டி நாறுது?" என்றேன்.

"ஒண்ணும் கலக்கல. எப்பவும் வர்ற தூளுதான்" என்றார்.

"எப்பவுமா? இந்த நாத்தத்துலயா நான் இத்தினி வருசம் சோறு பொங்கினேன்?"

அவர் வாசல் கல்லில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த எண்ணெய்த் துணியைத் துவைத்து, அந்தப் புகையில் சமைத்து, அந்த மனுஷன் பக்கத்தில் படுத்தவள் நான். எனக்கு அது நாற்றமாகவே இருந்ததில்லை. எங்கள் வீட்டு வாசனை அது. அந்த வாசனையில் ஒரு மீனைத் தொங்கவிட்டு என் மூக்கில் வைத்து அழுத்தினாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

"அன்னிக்கு நீ ரேஷனுக்குப் போனியே" என்று அவரே ஆரம்பித்தார். "உன் தூளு ஈரம் இழுத்துகினு அணைஞ்சு போச்சு. ஊதி ஊதிப் பாத்தேன், பத்தல. நீ வந்தா கத்துவியேன்னு பட்டறத் தூளு நாலு கை போட்டேன். குப்புனு புடிச்சுது. நல்லதுதானேன்னு நெனச்சேன்."

நல்லதுதானே என்று. எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நன்றாகப் பற்றுகிற தூள் நல்ல தூள். கையிலிருந்த தூள் கூடையை அவர் மேல் வீசினேன். தலை, தோள், மடி எல்லாம் எண்ணெய்த் தூளோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டிக்கூட விடவில்லை.

"பாரிவாக்கத்துலேர்ந்து வந்து நான் குதிச்சேனே, அப்ப சொல்றதுக்கு இன்னா? ஒன்றர வருசம் வாயில இன்னா வெச்சிருந்த?"

"நீ வந்து மீனப் பாத்து, நல்லாத்தான் பாத்துகினு கீறன்னு சொன்ன. கல்யாணம் ஆயி மொத தபா சொன்ன. அதுக்கப்பறம் எப்டி சொல்றது" என்றார்.

அவரை அடித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அழுகை வரவில்லை, மறுபடி கோபம்தான் வந்தது. நாலு நல்ல வார்த்தைக்கு ஏங்குகிற ஆம்பளையைக் கட்டிக்கொண்டேனே என்று அவர் மேல் கோபம். அந்த நாலு வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருந்த என் மேல் அதைவிடக் கோபம். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பாரிவாக்கம் போனேன். இந்தத் தடவை தெருவோரமாக நடந்தேன். தங்கையின் மாமியார் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி, "வாம்மா, காலங்காத்தால வந்திருக்கியே" என்றார்.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சண்டைக்குப் போகிற மாதிரிதான் பேச்சே வந்தது. "அத்தே, தப்பு எங்களுதுதான். எங்க ஊட்டுக்காரு பட்டறத் தூளப் போட்டுட்டாரு. நீங்க அன்னிக்கே மோந்து பாத்துச் சொன்னீங்க, நாந்தான் கேக்கல" என்றேன்.

"நான் எங்க மோந்து பாத்தேன்? பொடி போட்டுப் போட்டு என் மூக்கு செத்து எத்தினி வருசம் ஆச்சு. எனக்குச் சாணியும் ஒண்ணு, சந்தனமும் ஒண்ணு" என்றார். பிறகு உள்பக்கம் பார்த்தார். "அவ உள்ளதான் கீறா. போய்ப் பேசு" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போனார்.

தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை நின்றிருந்தது. காதில் சின்னதாகக் கம்மல் மின்னியது. அது என்னை முதல் தடவையாகப் பார்த்தது.

"யாருடி கொட்டச் சொன்னது?" என்றேன்.

"நாந்தான்க்கா" என்றாள். "ஒரு வாய் வெச்சேன், கொமட்டிகினு வந்துச்சு. மாமா சட்டைல அடிக்குமே, அதே நாத்தம். கொப்புளம் வந்த உன் கைய அன்னிக்கே பாத்தேன், அதனால மூக்கப் புடிச்சிகினு ரெண்டு நாளு துன்னேன். எனக்கு வவுத்தால போச்சு. அப்பறம் கொயந்தைக்கும் போச்சு. பத்து நாளு கொயந்த. பயந்து போய் அத்தகிட்ட சொன்னேன், கொட்டிடுங்கன்னு."

"அப்ப அவங்க ஏன் நாந்தான் கொட்டினேன்னு..."

"நாந்தான் அழுதேன். அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், மாமாவையும் உட மாட்டா, என்னையும் உட மாட்டான்னு. அத்தே சொன்னாங்க, நான் கொட்டினேன்னு சொல்லிக்கிறேன், எனக்கு ரெண்டு வார்த்த வுழுந்தா வுழுந்துட்டுப் போவுது, உனுக்குன்னு தாயூட்டுப் பக்கம் அவ ஒர்த்திதான் கீறா, அவகிட்ட மூஞ்சிய முறிச்சிக்காதன்னு."

இந்த வீட்டில் எனக்கு எதிரி என்று நான் ஒன்றரை வருஷம் கட்டிக் காத்தேனே, அவர் என் இடத்தைக் காவல் காத்துக்கொண்டு அந்த வாசலில் வசவு வாங்கியிருக்கிறார். நான் அந்த இடத்தைக் காலால் உதைத்துவிட்டுப் போயிருக்கிறேன். காது குத்தும்போது தாய்வீட்டு வரிசை எங்கே என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்றிருப்பாள். எது நடக்கக் கூடாது என்று மரத்தை அறுத்தேனோ, அதை நானே நடத்தி வைத்தேன்.

"என்கிட்ட நேரா சொல்றதுக்கு இன்னாடி? நான் உன் அக்காதானே? பேயா, பிசாசா?" என்றேன்.

"பயம்க்கா" என்றாள். "மாமாவுக்கும் உங்கிட்ட பயம்தான். எனக்கு இன்னிக்கு நேத்து இல்ல, அம்மா இருக்கசொல்லவே பயம்."

எனக்குள் குபீரென்று ஏறியது. யாருக்காகடி அறுத்தேன், யாருக்காகடி கை கிழிந்தது, அம்மா போன பிறகு உன்னைக் கட்டிக் கொடுத்தது யார், என்னைப் பார்த்தா பயம் என்கிறாய் என்று எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தேன். ஒரு சொல் வெளியே வருவதற்குள் என் தங்கை கீழே குந்தி, குழந்தையின் இரண்டு காதையும் பொத்திவிட்டாள்.